காய்ச்சல் விட்ட காலை

பெனிட்டாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று திரேஸ்புரத்துப் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்து தெருப் பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் கட்டிக் கிடந்தது. வடிய வழியில்லாத தண்ணீர். அதன் மேல் மீன் செதிலும் டீசல் படலமும் மினுங்கின. பொழுது சாய்ந்தால் போதும், கொசு புகைபோல எழும்பி வாசல்களுக்குள் வந்தது. அந்த வாரத்தில் தெருவில் பல வீடுகளில் பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள்.

ஆன்றோ சங்கு குளிக்கிறவன். காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடிக்கு இறங்கி, மணலைத் துழாவிச் சங்கெடுக்கிற வேலை. கடல் இல்லாத நாட்களில் அவனுக்கு முன்பெல்லாம் வீட்டில் ஒரு ஜோலியும் இருந்ததில்லை. சாப்பிடுவான், சீட்டாடப் போவான், வந்து தூங்குவான். விஜிலா குவைத்துக்குப் போனபிறகு அதெல்லாம் மாறிப்போயிற்று. அங்கே ஒரு அரபி வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. இங்கே ஆறு வயது பெனிட்டாவும், இன்னும் இரண்டு நிரம்பாத அன்சியும் ஆன்றோவின் கையில்.

முதலில் அவன் பட்ட பாட்டைத் தெருவே வேடிக்கை பார்த்தது. தூண்டில் முடிச்சுப் போடத் தெரிந்த விரல்களுக்குச் சடை பின்ன வரவில்லை. கஞ்சி அடிப்பிடித்தது. அன்சி எதற்கு அழுகிறாள் என்று விளங்காமல் பசிக்கு அழும்போது தொட்டிலை ஆட்டினான், தூக்கத்துக்கு அழும்போது சோற்றை ஊட்டினான். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. "தண்ணி குடிக்கியாம்மா?" என்று கேட்டால் பெனிட்டா வேண்டாம் என்பாள். "டம்ளர்ல வேணுமா, பாட்டில் மூடியில வேணுமா?" என்று கேட்டால் யோசித்துவிட்டு, "மூடியில" என்பாள். இதைக் கண்டுபிடித்த அன்று கடலடியில் வலம்புரி கிடைத்தது மாதிரி அவனுக்கு இருந்தது.

காய்ச்சல் கண்டதும் விஜிலாவைக் கூப்பிட்டான். போனில் அவள் முகம் வந்தது. பின்னால் பெரிய திரைச்சீலை போட்ட அறை.

"தெர்மாமீட்டர் குசினி அலமாரியில மேல் தட்டுல இருக்கு. எடுத்தீயளா? கக்கத்துல வைங்க. கைய இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க."

"நூத்தி மூணு காட்டுது விஜிலா."

"வெதுவெதுன்னு தண்ணி வச்சு, துணிய முக்கிப் புழிஞ்சு கழுத்து, கக்கம், தொடையிடுக்கு எல்லாம் தொடைங்க. ஐஸ் தண்ணி வைக்காதீய, பிள்ள நடுங்கிரும். ஜன்னல மூடாதீய."

"கொசு வருதே."

"வலையக் கட்டுங்க. பகல்லயும் கட்டுங்க." பின்னால் ஏதோ ஒரு குழந்தை அவள் பெயரைச் சிதைத்துக் கூப்பிட்டது. "இருங்க, இந்த வீட்டுப் பிள்ளைக எந்திரிச்சிட்டுக. பொறவு கூப்பிடுதேன். விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க என்ன?"

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெஞ்சுகள் நிரம்பி, ஜனங்கள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெனிட்டா அவன் தோளில் தீயாய்க் கிடந்தாள். அன்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்று திமிறினாள். டாக்டர் பார்த்து முடித்ததும் நர்ஸ் சரண்யாதேவி ரத்தம் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"டெங்குவாத்தான் இருக்கும் அண்ணே. ஊரு பூரா இருக்கு. இந்த சிரப் மட்டும் போதும். கடையில வேற மாத்திரை, ஊசி எதையும் கேட்டு வாங்கிக் குடுத்துராதீங்க. தண்ணி, கஞ்சி, எளநி, உப்புச் சக்கரைத் தண்ணி எதுனாலும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதான்னு பாருங்க. காய்ச்சல் விட்ட பொறவு..."

அந்த நேரம் பார்த்து அன்சி கையை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். படிக்கட்டுக்குக் கீழே ஆட்டோக்கள் பின்னுக்கும் முன்னுக்கும் நகர்ந்துகொண்டிருந்தன. ஆன்றோ பெனிட்டாவைத் தோளோடு அணைத்தபடியே பாய்ந்து போய்ச் சின்னவளின் சட்டையைப் பிடித்தான். திரும்பி வந்தபோது அவன் இடத்தில் வேறொரு தாய் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சீட்டை நீட்டி, "சொன்னது ஞாபகம் இருக்கட்டும்ண்ணே" என்றாள். அவன் தலையை ஆட்டினான். காய்ச்சல் விட்ட பிறகு வர வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு வீட்டில் இரவும் பகலும் ஒன்றாய்க் கலந்துபோயின. துணியைப் பிழிவதும், மருந்து மூடியில் கோடு பார்த்து ஊற்றுவதும், வாந்தியைத் துடைப்பதும், நடுவில் அன்சிக்குச் சோறு குழைப்பதுமாக ஆன்றோ ஓடினான். பக்கத்து வீட்டு அமலோற்பவம் கருவாட்டு யாவாரம் முடிந்து வந்ததும் அன்சியைத் தூக்கிக்கொண்டு போவாள். புருஷன் இல்லாதவள், வாய் பெரிது, மனசும் பெரிது.

"ஏலே, நீ ஒரு வாய் தின்னியா? சாளைக் கொழம்பு கொண்டாந்திருக்கேன். நீ விழுந்துட்டா இதுகள யாரு பாக்குறது?"

"பெறவு திங்கேன்க்கா."

"பெறவு பெறவுங்க. கண்ணு ரெண்டும் குழியில கெடக்கு. கொண்டா அந்தத் துணிய."

ஒரு காலையில் ஆன்றோ கண் விழித்தபோது பெனிட்டாவின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியில் கை வைத்தான். குளிர்ந்திருந்தது. நம்பாமல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை.

"அக்கா! அமலோற்பவம் அக்கா! விட்டுட்டுக்கா!"

அமலோற்பவம் ஈரக் கையோடு ஓடி வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! பனிமய மாதாவே! பிள்ளைய குடுத்துட்ட தாயி. இனி பயமில்லலே ஆன்றோ. ரசஞ்சோறு கரைச்சுக் குடு. ரெண்டு நாள்ல எந்திரிச்சு ஓடிருவா பாரு."

விஜிலா போனில் அழுதாள், சிரித்தாள். "பிள்ளைகிட்டக் குடுங்க. ஏ பெனி, அம்மாளப் பாரு. என்ன வேணும் ஒனக்கு? அம்மா பெரிய பொம்ம வாங்கி வச்சிருக்கேன் தெரியுமா?"

பெனிட்டா திரையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் பேச மாட்டேங்கா?"

"அசதி விஜிலா. காய்ச்சல் அடிச்சுப் போட்டுருக்குல்லா."

"ரசஞ்சோறு சாப்ட்டாளா?"

"ரெண்டு வாய்தான். வேண்டாம்னுட்டா."

"முகம் என்னமோ மாதிரி இருக்குங்க."

"இங்கன வெளிச்சம் இல்ல. மழ இருட்டு. அதான்."

அப்படிச் சொன்னாலும் அவனுக்கே அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட அப்பா, தண்ணி, அம்மா என்று அனத்திக்கொண்டிருந்தவள், இப்போது சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூடியில் தண்ணீர் கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் இஞ்ஞாசி வந்தார். படகுக்காரர். வாசல் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே ஆன்றோ, கூண்ட எறக்கிட்டானுவ. நாளைக்கு வெள்ளனே எறங்குதோம். நீ வாரியா?"

"பிள்ளைக்கு இன்னைக்குத்தான் காய்ச்சல் விட்டுருக்கு மாமா."

"விட்டுட்டுல்லா? பெறகென்ன? அமலோற்பவம் பாத்துக்கிடுவா. ஆளில்லாம எறங்க முடியாது. நீ வரலன்னா படகு நிக்கும், நாலு வீட்டுல ஒல கொதிக்காது."

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. அன்று ராத்திரி அவன் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான்.

விடியலில் அன்சியை எழுப்பி ஒன்றுக்கு விட்டு, பால் கொடுத்து, வீட்டுக்கு வந்திருந்த அமலோற்பவத்திடம் விட்டான். பெனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. மேகம் இன்னும் தாழ்ந்து கிடந்தது. கரையில் கடல் சேற்று நிறத்தில் புரண்டது. அலை இல்லை, ஆனால் உள்ளுக்குள் ஏதோ உருள்வது மாதிரி ஒரு சத்தம். ஆட்கள் காற்றுக் குழாயைச் சுருட்டிப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆன்றோ முட்டளவுத் தண்ணீரில் நின்று குழாயின் மறுமுனையைப் பிடித்திருந்தான். போன வருஷம் இதே படகில் கூடச் சங்கு குளித்த தேவபிரசாதம் கடலடியிலிருந்து மேலே வந்து, டீ இருக்காலே என்று கேட்டுச் சிரித்தது அவன் நினைவுக்கு வந்தது. நல்லாத்தான் இருந்தான். டம்ளரை வாங்கினான். அப்புறம்தான், ஆழத்திலிருந்து வேகமாக ஏறியதில், அவன் காலிரண்டும் துவண்டன. இன்றைக்கும் அவன் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். இது ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது என்று ஆன்றோவுக்கு எரிச்சலாக இருந்தது. குழாயை இழுத்தான். அன்சியை ஒன்றுக்கு விட்டோம். பெனிட்டா எப்போது போனாள்? நேற்றுக் காலையில் சட்டை மாற்றும்போது போனாள். அதற்குப் பிறகு? மத்தியானம் இல்லை. ராத்திரி படுக்கும் முன் வாளிப் பக்கம் கூட்டிப் போனான், வரவில்லை என்றாள். பாய் காலையில் காய்ந்து கிடந்தது. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனை எடுத்தான்.

"அக்கா, பெனி ஒண்ணுக்குப் போனாளா?"

"இல்லலே. தூங்கிக்கிட்டே கெடக்கா. நல்லாத் தூங்கட்டும்."

"கையத் தொட்டுப் பாருங்கக்கா."

போனில் பாய் சரசரக்கிற சத்தம் கேட்டது. "ஜில்லுன்னு இருக்கு. காய்ச்சல் விட்டுட்டுல்லா, அதான்."

"காலு?"

"காலும் அப்படித்தான். மழக் குளிருலே." அமலோற்பவத்தின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "ஏ பெனி. ஏட்டி, எந்திரி. அத்தையப் பாரு. எந்திரிட்டி. ஏலே ஆன்றோ, கூப்பிட்டா கண்ணத் தொறக்கா, திரும்ப மூடிக்கிடுதா."

காய்ச்சல் விட்ட பிறகு என்று ஆரம்பித்த நர்ஸின் வாய் அவன் கண் முன்னால் அசைந்தது. மிச்சம் கேட்கவில்லை. கேட்காமல் போன அந்த மிச்சம்தான் இப்போது வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. குழாயைத் தண்ணீரில் போட்டான்.

"ஏலே! எங்க போற? ஏலே ஆன்றோ! வெளங்குவியாலே நீ?" இஞ்ஞாசி படகிலிருந்து கத்தினார்.

அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

வீட்டில் பெனிட்டா அமலோற்பவத்தின் மடியில் துணிபோலக் கிடந்தாள். அப்பாவின் குரல் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நோவுதுப்பா" என்றாள். வாந்தி எடுத்தாள். அதில் காப்பிப்பொடி மாதிரி ஏதோ இருந்தது. அமலோற்பவம் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்சியை அமலோற்பவம் இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். ஆட்டோ முதலில் சுகாதார நிலையத்துக்குத்தான் போயிற்று. சரண்யாதேவி பிள்ளையின் நாடியைப் பிடித்தவள், விரலை எடுத்து மறுபடி வைத்தாள்.

"எப்பண்ணே காய்ச்சல் விட்டுச்சு?"

"நேத்து வெள்ளனே."

"நேத்தா? காய்ச்சல் விட்ட பொறவுதான் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திப் பாக்கணும்னு சொன்னேன்லாண்ணே? வயித்து வலி, வாந்தி, கைகால் குளிர்ச்சி, ஒண்ணுக்குப் போகாம இருக்கது எது வந்தாலும் உடனே தூக்கிட்டு வாங்கன்னு சொன்னேனே!"

"நான் பாதிதான் கேட்டேம்மா. சின்னவ ஓடிட்டா."

அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். குளுக்கோஸ் ஊசியைக் கையில் ஏற்றிக் கட்டி, பிள்ளையோடு சேர்த்து அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்கின. டாக்டர் சின்ன வயதுக்காரி, தூக்கமில்லாத கண்.

"ரத்தக் குழாயிலருந்து தண்ணி வெளிய கசியுது. நாடி விழுந்திருக்கு. ட்ரிப்ஸ் போட்டு அத ஏத்தப் பாக்குறோம். பிள்ள எப்ப ஒண்ணுக்குப் போகுதுன்னு பாருங்க. இந்த மக்குல பிடிச்சு அளவு பாத்துச் சொல்லணும். இன்னைக்கும் நாளைக்கும்தான். அதத் தாண்டிட்டா கரையேறிரலாம்."

"தாண்டிருவாளா டாக்டர்?"

"பாப்போம்" என்றாள் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் அய்யாக்குட்டி என்று ஒரு பையன். பெனிட்டாவின் வயதுதான். தாத்தா பேரை வைத்திருந்தார்கள். அவன் அப்பா செந்தூர்வேல் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து விவசாயி. கால் நகங்களில் வயல் சேறு காய்ந்திருந்தது. அவன் அம்மா இந்துமதி பையனின் பாதங்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கணம்கூட நிறுத்தவில்லை.

இரண்டு ஆண்களுக்கும் பேச வேறு எதுவும் இருக்கவில்லை.

"ஒங்க பிள்ள மோண்டுச்சா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி. ஒங்க பையன்?"

"துளி போனான். கருப்பட்டித் தண்ணி மாதிரி இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி. அதே பதில். டீ வாங்கி வந்தால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வெளியே போனால் மற்றவர் இரண்டு பாட்டில்களையும் பார்த்துக்கொண்டார்.

"நடவு நாளு தம்பி. ஆத்துல தண்ணி வந்து ஆள் கெடைக்காமக் கெடந்து, அன்னைக்குத்தான் கெடைச்சாங்க" என்றார் செந்தூர்வேல், யாரும் கேட்காமலே. "பையனுக்குக் காய்ச்சல் விட்டுட்டுல்லான்னு வயலுக்குப் போனேன். இவ போன் போட்டா. மடியில கட்டியிருந்தேன், நாத்துக் கட்டு தூக்குற சத்தத்துல கேக்கல. ஏறி வந்து பாக்கேன், எத்தன தடவ போட்டிருக்கா!"

ஆன்றோ தன் கதையைச் சொல்ல வாயெடுத்து, எழுந்து இரண்டு பாட்டில்களையும் பார்த்தான்.

சாயங்காலம் விஜிலா கூப்பிட்டாள். இருட்டான அறையிலிருந்து கிசுகிசுத்தாள். மடியில் அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் அவள் கை தட்டிக்கொண்டே இருந்தது.

"காட்டுங்க. கிட்டக் காட்டுங்க. எம் பிள்ள கைய்யக் காட்டுங்க."

அவன் காட்டினான். நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"மேடத்துக்கிட்டக் கேட்டுட்டேன். நாளைக்கு டிக்கெட் போட்டுத் தாரேன்னுருக்கு. அதுவரைக்கும் போனக் கட் பண்ணாதீய. தலைமாட்டுல வச்சிருங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

போன் தலைமாட்டில் இருந்தது. அதிலிருந்து ஒரு குழந்தையின் முதுகைத் தட்டும் மெல்லிய சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

விளக்குப் போட்ட நேரத்தில் அய்யாக்குட்டிக்கு மூச்சு இளைத்தது. டாக்டர் ஓடி வந்தாள். கட்டிலோடு உருட்டித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். இந்துமதி கூடவே ஓடினாள், பையனின் பாதத்தை விடாமல். போகும்போது செந்தூர்வேல் திரும்பி, "பாத்துக்கிடுங்க தம்பி" என்றார். கட்டில் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஆன்றோவால் பார்க்க முடியவில்லை.

விடிந்து ஜன்னலில் வெளிச்சம் வந்தபோது அவன் பெனிட்டாவின் காலைத் தன் மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தான். தொடையில் சூடாக ஏதோ பரவியது. முதலில் புரியவில்லை. பிறகு கையை வைத்தான். கைலி நனைந்து, படுக்கை நனைந்து, தரையில் சொட்டியது. மக்கை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"சிஸ்டர்! சிஸ்டர்! மோண்டுட்டா! எம் பிள்ள மோண்டுட்டா!"

வார்டு முழுக்க எழுந்து பார்த்தது. போனுக்குள் விஜிலா, "என்னங்க? என்னங்க ஆச்சு?" என்று பதறினாள். அவன் ஈரக் கைலியைப் பிடித்துத் திரையில் காட்டினான். அவள் தன் மடியில் கிடந்த பிள்ளையை மறந்து உரக்க அழுதாள்.

டாக்டர் வந்து நாடி பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள். முதல்முறையாக அவள் முகம் இளகிற்று. "சூடு வந்துட்டு. நாடி நல்லா இருக்கு. இன்னும் கவனமாத்தான் இருக்கணும், ஆனா பயப்படாதீங்க."

வெயில் ஏறியதும் பெனிட்டா கண்ணைத் திறந்து நேராக அவனைப் பார்த்தாள். "அப்பா, இட்லி வேணும்."

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கினான். மழை விட்டிருந்தது. வாசல் கடையில் இட்லிப் பொட்டலமும் சூடான சாம்பார் பையும் வாங்கினான். பையின் சூடு உள்ளங்கையில் ஏறியது. சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் அவனுக்கு. படியேறத் திரும்பினான்.

ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுக் கேட்டில் ஒரு வெள்ளை வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இந்துமதி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் இரண்டும் ஒரு சின்ன வெள்ளைத் துணிப் பொதியின் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தன. செந்தூர்வேல் கதவருகே நின்றார்.

ஆன்றோ படியருகே நின்றுவிட்டான். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவர் பார்த்துவிட்டார். மெல்ல நடந்து அவனிடம் வந்தார்.

"பிள்ள மோண்டுச்சா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி" என்றான் ஆன்றோ. "இன்னும் இல்ல."

செந்தூர்வேல் அவன் முகத்தைப் பார்த்தார். நனைந்த கைலியைப் பார்த்தார். பிறகு அவன் கையில் ஆவி பறந்துகொண்டிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். வேன் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். அவர் அசையவில்லை.

"சாம்பார் ஊத்தாதீங்க" என்றார். "காரம் வயிறு தாங்காது. இட்லிய மட்டும் சின்னச் சின்னதாப் பிச்சு, வெந்நியில நனைச்சுக் குடுங்க. அவசரப்படுத்தாதீங்க. தின்னுட்டுத் தூங்கினாலும் பக்கத்துலயே இருங்க, என்ன?"

"சரி அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் தண்ணீர்ப் பள்ளத்தில் இறங்கி ஏறி, திருச்செந்தூர் ரோட்டுப் பக்கம் திரும்பியது. ஆன்றோ சாம்பார் பையைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் வெந்நி தாங்க" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏறினான்.